வீட்டு ரோஜாவும் கரும்புள்ளி நோயும்



தோட்டப்புற வீடுகளில் ரோஜாச் செடி வளர்ப்பது பற்றியும், அந்தச் செடிக்கு வரும் பூஞ்சண நோய்களைத் தடுப்பது பற்றியும் இன்று பேசுவோம். கத்தரி, வெண்டை என்றால் கறிக்கு ஆகும், ரோஜா எதற்கு ஆகும் என்று கேட்கிற பெரியவர்கள் உண்டு. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது சாமி படத்துக்கு வைக்க இரண்டு பூ வேண்டும். தோட்டத்துக் கோயிலில் திருவிழா என்றால் மாலைக்குப் பூ வேண்டும். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று எது வந்தாலும் பூ இல்லாமல் நடப்பதில்லை. இவற்றை எல்லாம் பட்டணத்துக் கடையில் வாங்கினால் என்ன விலை ஆகும் என்பது வீட்டுச் செலவைப் பார்க்கிற தாய்மார்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் ரோஜா வைத்தவர்களைக் கேட்டால் பலரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். கூலியில் மிச்சம் பிடித்து ஒரு செடி வாங்கினோம், வாங்கும்போது ஐந்தாறு பூவும் மொட்டுமாக அழகாக இருந்தது, முதல் மாதம் பூத்தது, இரண்டாம் மாதம் இலை மஞ்சளாகி உதிர்ந்தது, மூன்றாம் மாதம் முள்ளும் குச்சியும்தான் மிச்சம் என்பார்கள். இதற்கு அவர்கள் சொல்லும் காரணம்தான் நமக்கு வருத்தம் தருகிறது. கண் பட்டுவிட்டது என்கிறார்கள். யார் கண் பட்டது என்ற கேள்வி அடுத்து வருகிறது. பக்கத்து வீட்டுக்காரம்மா அன்றைக்கு வந்து, 'எவ்வளவு பெரிய பூ!' என்று சொல்லிவிட்டுப் போனது நினைவுக்கு வருகிறது. ஒரே லயத்தில், ஒரே சுவரை நடுவில் வைத்துக்கொண்டு வாழ்கிற இரண்டு குடும்பங்கள் ஒரு ரோஜாச் செடிக்காகப் பேசாமல் இருப்பதும் நடக்கிறது. அந்தச் செடியைக் கெடுத்தது பக்கத்து வீட்டார் கண் அல்ல. கண்ணுக்கே தெரியாத ஒரு பூஞ்சணம்தான் கெடுத்தது.

பூஞ்சணம் என்பது நமக்குப் புதிதல்ல. மிச்சம் வைத்த ரொட்டியிலும், மழைக்காலத்தில் தோல் செருப்பிலும் படர்கிறதே, அதே இனம்தான். பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களுக்கு இதன் வேலை இன்னும் நன்றாகத் தெரியும். மரம் இலையை உதிர்த்துவிட்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் புதிதாகத் துளிர் விடும்போது, அந்தத் தளிரும் வெள்ளைப் பொடி படிந்து கொட்டிப் போகுமல்லவா? அதற்காக விடியற்காலையில், இலையில் பனி ஈரம் இருக்கும்போதே, கந்தகத் தூளைப் புகைபோல ஊதி அடிப்பார்கள். மழைக்காலத்தில் பால் வெட்டிய பட்டையில் கறுப்புக் கோடு விழுவதும் பூஞ்சண இனத்தைப் போன்ற ஒன்றின் வேலையே. ரப்பர் மரத்துக்கு நோய் வந்தால் மருந்து தேடுகிறோம். ரோஜாவுக்கு நோய் வந்தால் மட்டும் மிளகாய் சுற்றிப் போடுகிறோம்.

நம் நாட்டுத் தாழ்நிலத்தில் ரோஜாவை அதிகம் கெடுப்பது கரும்புள்ளி நோய். இலையின் மேற்புறத்தில் வட்டமான கறுப்புப் புள்ளிகள் தோன்றும். புள்ளியின் ஓரம் சீராக இராமல், துணியில் மை ஊறியதுபோல் பிசிறு பிசிறாக இருக்கும். இதுதான் அடையாளம். பிறகு புள்ளியைச் சுற்றி இலை மஞ்சளாகும், உதிரும். பெரும்பாலும் அடியிலுள்ள இலைகளில் தொடங்கி நோய் மேலே ஏறும். இலை போனால் செடிக்குச் சாப்பாடு போயிற்று. அது மறுபடியும் துளிர்க்கும், மறுபடியும் நோய் வரும். இப்படி மூன்று நான்கு முறை ஆன பின், வேரில் சேர்த்து வைத்த பலமும் தீர்ந்து செடி செத்துப்போகிறது.

இந்தப் பூஞ்சணத்தின் வித்து தூசியைக் காட்டிலும் சிறியது. அது காற்றில் பறந்து வருவதைவிட, மழைத்துளி தெறிக்கும்போது அதனோடு தெறித்து அடுத்த இலைக்குப் போவதே அதிகம். நம் கையிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டும் போகும். இலைமேல் விழுந்தவுடன் அது ஒன்றும் செய்துவிட முடியாது. முளைத்து இலைக்குள் நுழைய அதற்கு ஏறக்குறைய ஏழு மணி நேரம் விடாமல் ஈரம் வேண்டும். இந்த ஏழு மணி நேரத்தை நேயர்கள் நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ரோஜா வளர்ப்பில் பாதி வித்தை இதில்தான் இருக்கிறது.

காலை பதினோரு மணிக்கு மழை பெய்து, ஒரு மணிக்கு வெயில் அடித்தால், இரண்டு மணி நேரத்தில் இலை காய்ந்துவிடும். பெரிய மழையாக இருந்தாலும் பயமில்லை. மாலை ஐந்து மணிக்கு ஒரு சிறு தூறல் போட்டு, ஆறு மணிக்கு நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஈரம் இரவெல்லாம் காயாது. விடியற்காலைப் பனியும் அதனுடன் சேரும். காலை எட்டு ஒன்பது மணிக்கு வெயில் ஏறிய பிறகுதான் இலை காயும். பதினான்கு மணி நேரம்! ஏழு மணி நேரம் கேட்டவனுக்கு இரட்டிப்பாகக் கொடுத்தாயிற்று. ஒரு வாரம் பத்து நாளில் புள்ளி தெரியும். ஆகவே மழை எவ்வளவு பெய்தது என்று பார்ப்பதைவிட, இலை எவ்வளவு நேரம் நனைந்திருந்தது என்று பார்ப்பதே முக்கியம்.

வானத்தை நாம் நிறுத்த முடியாது. ஆனால் தண்ணீர் ஊற்றுவது நம் கையில் இருக்கிறது. தோட்டங்களில் மாலை ஆறு மணிக்கு ரப்பர் குழாயைப் பிடித்து, செடியின் தலைமேல் மழைபோல் பீய்ச்சுகிறார்கள். செடி குளித்ததுபோல் இருப்பதைப் பார்க்க அழகுதான். அந்த அழகுதான் நோய்க்கு அழைப்பு. காலையில் ஊற்றுங்கள் என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள். விடியுமுன் எழுந்து, சமைத்து, பிள்ளைகளைப் புறப்படுத்தி, பெரட்டுக்கு ஓடுகிற பெண்களிடம் காலையில் ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள் என்று சொல்வது நியாயமாகாது. வேலை விட்டு வந்த பிறகு ஊற்றலாம், தவறில்லை. குவளையில் எடுத்து, இலையில் படாமல், அடிமண்ணில் ஊற்றினால் போதும். எந்த நேரமாக இருந்தாலும் இலை நனையாதவரை கெடுதல் இல்லை.

இந்தக் கணக்கு புரிந்துவிட்டால் செடியை எங்கே வைப்பது என்பதும் தானாகவே விளங்கும். காலை வெயில் நேராகப் படுகிற கிழக்குப் பக்கம் சிறந்தது. இரவுப் பனியை அந்த வெயில் சீக்கிரம் உலர்த்திவிடும். நாளைக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். லயத்து வீடுகளில் பெரும்பாலும் கூரைச் சொட்டுத் தண்ணீர் விழும் வரிசையில்தான் செடியை நடுகிறார்கள். அங்கே மண் எப்போதும் ஈரமாக இருக்கிறது என்பது காரணம். அதைவிடக் கெட்ட இடம் வேறில்லை. தகரக் கூரையிலிருந்து விழும் ஒவ்வொரு சொட்டும் மண்ணிலுள்ள வித்தைத் தெறித்து இலைமேல் ஏற்றுகிறது. கூரையை விட்டு மூன்றடி தள்ளி நடுங்கள். செடிக்குச் செடியும் மூன்றடி இருக்கட்டும். நெருக்கி நட்டால் காற்று புகாது, இலை காயாது.

நம் தோட்டத்து மண் பெரும்பாலும் புளிப்பு மண். கடலோரத் தோட்டங்களில் களிமண், மேட்டுத் தோட்டங்களில் செம்மண். ஒன்றரை அடி ஆழம், ஒன்றரை அடி அகலம் குழி வெட்டி, மக்கிய மாட்டுச் சாணத்தை மண்ணோடு பாதிக்குப் பாதி கலந்து, ஒரு கைப்பிடி சுண்ணாம்புத் தூளும் சேர்த்து இரண்டு வாரம் ஆறவிட்டு நட வேண்டும். களிமண் என்றால் குழிக்குப் பதிலாக மேடு கட்டுவது நல்லது. ரோஜா வேருக்குத் தண்ணீர் நிற்பது ஆகாது. நட்ட பிறகு அடிமண்ணை வெறுமையாக விடாமல் மூடி வையுங்கள். செம்பனை ஆலையில் பழம் எடுத்த பின் கிடைக்கும் வெறுங்குலை நன்றாக மக்கியிருந்தால் அதற்கு மிகவும் ஏற்றது. மழைத்துளி மண்ணில் நேராக விழுந்து தெறிப்பதை அது தடுக்கும். மெல்லியதாகப் பரப்பினால் போதும். குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு முட்டையிடும்.

எந்தச் செடியை வாங்குவது என்பதிலும் கவனம் வேண்டும். கேமரன் மலையிலிருந்து வரும் ரோஜாக்கள் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் அவை பிறந்து வளர்ந்த இடத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், குளிர்ந்த காற்று, தலைக்கு மேல் நெகிழித் தாள் போட்ட கூரை. மழைத்துளி படாமல் வளர்ந்த பிள்ளை அது. அதைத் தாப்பாவுக்கோ சுங்கை சிப்புட்டுக்கோ கொண்டுவந்து, மாலை இடிமழையில் நிறுத்தினால் எப்படித் தாங்கும்? நம் ஊர் வெயிலிலும் மழையிலும் பல வருடம் நின்று பூக்கிற செடி யார் வீட்டிலாவது இருக்கும். பூ சிறியதாக இருக்கலாம், அடுக்கு குறைவாக இருக்கலாம். அந்தச் செடியில் பென்சில் பருமனுள்ள, முற்றிய குச்சியை எட்டு அங்குல நீளத்துக்கு வெட்டி, மணல் கலந்த மண்ணில் சாய்வாக ஊன்றி நிழலில் வையுங்கள். வேர் பிடித்த பின் எடுத்து நடலாம். காசும் இல்லை, ஏமாற்றமும் குறைவு. கண் பட்டதாகச் சொன்னோமே, அந்தப் பக்கத்து வீட்டாரிடமே ஒரு குச்சி கேட்டு வாங்கலாம்.

மலையிலிருந்து வரும் செடிகள் பெரும்பாலும் ஒட்டுச் செடிகள். ரப்பர்க் கன்றுக்குக் கண் ஒட்டு வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒட்டுக்குக் கீழே, அடிக்கட்டையிலிருந்து வேகமாக ஒரு போத்து கிளம்பும். செடி செழிக்கிறது என்று மகிழ்ந்து அதை விட்டுவிடக் கூடாது. அது காட்டு ரோஜாவின் கிளை. அடியோடு பிய்த்து எறியுங்கள்.

செடி வந்த பின் நாம் செய்ய வேண்டிய முதல் மருத்துவத்துக்கு மருந்தே வேண்டாம். வாரம் ஒருமுறை செடியைச் சுற்றி வந்து, புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளி எடுக்க வேண்டும். கீழே உதிர்ந்து கிடப்பதையும் ஒன்று விடாமல் பொறுக்க வேண்டும். உதிர்ந்த இலையிலும் பூஞ்சணம் உயிரோடுதான் இருக்கும். அடுத்த மழையில் அங்கிருந்துதான் தெறிக்கும். பொறுக்கியதை எருக்குழியில் போடாமல், பையில் கட்டிக் குப்பையோடு அனுப்பிவிடுங்கள், அல்லது ஆழப் புதையுங்கள். இலை நனைந்திருக்கும்போது இந்த வேலையைச் செய்ய வேண்டாம். ஈரக் கைதான் நோயைப் பரப்பும். பிள்ளைகளை இதில் பழக்கலாம். புள்ளி விழுந்த இலையைக் கண்டுபிடிப்பதில் நம்மைவிட அவர்கள் கண் கூர்மையானது.

இரண்டாவது நோய் சாம்பல் நோய். தளிரிலும் மொட்டுக் காம்பிலும் மாவு தூவியதுபோல் வெண்மை படர்ந்து, இலை சுருளும். மலைப்பகுதியில் இது மிகுதி. இதன் குணம் கரும்புள்ளிக்கு நேர் எதிரானது. இலையில் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை. பகல் உலர்ந்தும் இரவு குளிர்ந்தும் இருந்தால் போதும். வீட்டில் செய்யும் மருந்துகள் இதற்குத்தான் நன்றாகக் கேட்கும். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து வாரம் ஒருமுறை தெளிக்கலாம். பூசணி இனக் கொடிகளில் வரும் இதே மாதிரி நோய்க்குப் பால் கேட்கிறது என்று 1999-இல் பிரேசில் நாட்டு ஆராய்ச்சி ஒன்று வெளியாயிற்று. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு சிறு கரண்டி சமையல் சோடாவும், நான்கைந்து சொட்டு சவர்க்கார நீரும் கலந்து தெளிப்பதும் பயன் தரும். கரைத்துத் தெளிக்கும் கந்தகத்தையும் பயன்படுத்தலாம். ஆனால் கடும் வெயிலில் கந்தகம் இலையைச் சுட்டுவிடும். காலை வேளையில்தான் தெளிக்க வேண்டும்.

கரும்புள்ளி முற்றிய இடத்தில் பாலும் சோடாவும் அவ்வளவு பலிப்பதில்லை. அதற்குக் கடையில் விற்கும் பூஞ்சணக் கொல்லி வேண்டியிருக்கலாம். மேன்கோசெப் போன்ற மருந்துகள் இலைமேல் ஒரு கவசம்போல் படிந்து, வித்து முளைக்காமல் தடுப்பவை. ஏற்கெனவே விழுந்த புள்ளியை அவை போக்கமாட்டா. 'மருந்தடித்தேன், புள்ளி அப்படியே இருக்கிறது' என்று குறைபட வேண்டாம். புதுத் தளிர் சுத்தமாக வருகிறதா என்று பாருங்கள். இலையின் அடிப்புறத்திலும் பட வேண்டும். மழை கழுவிவிட்டால் மறுபடி அடிக்க வேண்டும்.

இந்த இடத்தில் சற்று நிறுத்திப் பேச வேண்டியிருக்கிறது. மருந்து என்றதும், தோட்டத்து ஸ்டோரிலிருந்து கொஞ்சம் கேட்டு வாங்கி, குளிர்பானப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கம் பல இடங்களில் இருந்திருக்கிறது. எக்காரணத்தைக் கொண்டும் இதைச் செய்யக் கூடாது. தாகத்தோடு விளையாடிவிட்டு வரும் பிள்ளை போத்தலைப் பார்க்குமே தவிர, உள்ளே இருப்பது என்ன என்று பார்க்காது. பாராகுவாட் என்ற புல் மருந்து ஒரு வாய் உள்ளே போனாலே உயிரை வாங்கியது. அதற்கு மாற்று மருந்தே கிடையாது. மலேசியாவில் 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து அது தடை செய்யப்பட்டிருக்கிறது. எங்காவது பழைய ஸ்டோரில், கொட்டகை மூலையில், பெயர் தெரியாத போத்தல் கிடந்தால் அதைத் திறந்து முகர்ந்து பார்க்கவும் வேண்டாம்.

ரோஜாவுக்கு மருந்து வேண்டுமென்றால் கடையில், முத்திரை உடையாத பொட்டலமாக, மிகச் சிறிய அளவு வாங்குங்கள். 1974-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி பதிவான மருந்தென்றால் மேல்தாளில் பதிவெண் இருக்கும். எழுத்து பொடியாக இருக்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கூப்பிட்டு அளவை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பொட்டலத்தில் சொன்ன அளவுக்கு மேல் ஒரு கரண்டி போட்டால் நோய் சீக்கிரம் போகும் என்று எண்ண வேண்டாம், இலைதான் கருகும். நீண்ட கைச் சட்டை, கையுறை, முகமூடி போட்டுக்கொண்டு, காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று தெளியுங்கள். மருந்தடித்த பூவைத் தலையில் வைப்பதோ, பானகத்திலும் தீர்த்தத்திலும் இதழைப் போடுவதோ கூடாது. தோட்டத்தில் புல் மருந்து அடிக்கும் பம்பை ஒருநாள் இரவல் வாங்கி ரோஜாவுக்கு அடித்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். எவ்வளவு கழுவினாலும் குழாயில் ஒட்டியிருக்கும் சிறிதளவு புல் மருந்து ரோஜாவைக் கொன்றுவிடும்.

மூன்றாவதாக நுனிக்கருகல். கவாத்து வெட்டிய இடத்திலிருந்து தண்டு கறுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். அடிவரை இறங்கிவிட்டால் செடி போயிற்று. கறுப்பு நின்ற இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழே, பச்சைத் தண்டில், வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள். ஒவ்வொரு செடிக்கும் கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ளுங்கள். மழை நாளில் வெட்டாதீர்கள். வெட்டிய முனைக்குப் பூசத்தான் போர்டோக் கலவை உதவுகிறது.

இந்தக் கலவைக்கு ஒரு வேடிக்கையான கதை உண்டு. பிரான்சு நாட்டில் போர்டோ என்ற வட்டாரத்தில், சாலையோரத் திராட்சைத் தோட்டங்களில் போகிற வருகிறவர்கள் பழத்தைப் பறித்துத் தின்றார்களாம். அவர்களைப் பயமுறுத்துவதற்காக மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து நீலமாகக் கொடிகளில் பூசி வைத்தார்கள். 1882-இல் மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் அவ்வழியே சென்றபோது, சுற்றிலும் கொடிகள் பூஞ்சண நோயால் இலை உதிர்ந்து நிற்க, திருடருக்காக நீலம் பூசிய கொடிகள் மட்டும் பச்சையாக நிற்பதைக் கவனித்தார். ஆராய்ந்து, 1885-இல் அதை மருந்தாக உலகுக்கு அறிவித்தார். வேலியோர ரோஜாவைக் காலையில் யாரோ பறித்துக்கொண்டு போகிறார்கள் என்று குறைபடுகிற நம் தாய்மார்களுக்கு இந்தக் கதை பிடிக்கும் என்று நினைக்கிறோம்.

பூசுவதற்கு நூறு கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரில் ஒரு நெகிழி வாளியிலும், நூறு கிராம் நீற்றுச் சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரில் வேறொரு வாளியிலும் கரைத்து, பிறகு இரண்டையும் கிளறிக்கொண்டே ஒன்றாக்க வேண்டும். நான்கைந்து செடிக்கு இதில் பத்தில் ஒரு பங்கு போதும். ஒரு பழைய இரும்புக் கத்தியை அதில் முக்கிப் பாருங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு வேண்டும். கலந்த அன்றே பூசிவிட வேண்டும். பால் எடுக்கும் வாளியிலோ மங்கிலோ இதைக் கலக்கக் கூடாது. செம்பு கலந்த பாலில் செய்த ரப்பர் பிசுபிசுத்துக் கெட்டுவிடும்.

தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குப் போனவர்கள் பூச்சட்டியில் வைக்கிறார்கள். மழை படாத தாழ்வாரம் என்றால் கரும்புள்ளி குறைவுதான். ஆனால் சட்டிக்கு அடியிலுள்ள தட்டில் தண்ணீர் தேங்கினால் டிங்கிக் கொசு முட்டையிடும். ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறக்கும். 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு அபராதமும் உண்டு. தட்டையே எடுத்துவிடுவது நல்லது.

இனி, தீபாவளிக்குப் பூ வேண்டும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ரோஜாவை வெட்டிவிட்டால் ஏறக்குறைய நாற்பத்தைந்து முதல் ஐம்பது நாளில் பூக்கும். தீபாவளி நாளிலிருந்து அத்தனை நாளைப் பின்னோக்கி எண்ணி, நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, அன்று கவாத்து செய்யுங்கள். நம் நாட்டில் செடி உறங்கும் குளிர்காலம் இல்லை. ஆகவே மொட்டையடிக்காமல், மேலே மூன்றில் ஒரு பங்கு மட்டும் வெட்டினால் போதும். வெட்டிய அன்றே அடியிலுள்ள பழைய இலைகளைப் பொறுக்கிவிட்டு, முனைகளில் கலவையைப் பூசிவிடுங்கள். மேற்குக் கரை மாநிலங்களில் அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் மாலை மழை மிகுதி. புதுத் தளிர் விரிவதும் மழை வலுப்பதும் ஒரே நேரத்தில் வரும். ஆகவே தளிர் செம்பு நிறத்தில் எட்டிப் பார்க்கும் அந்த வாரத்திலேயே தடுப்பு மருந்தைத் தொடங்கி, பொட்டலத்தில் சொன்ன இடைவெளிப்படி தொடர்ந்து, மொட்டு நிறம் காட்டத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள்.